மதுரையைப் பிரித்துத் திருச்சியில் சேர்த்தவர்

திருச்சி தில்லை நகரில் ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மூன்றாவது மாடி ஃபிளாட். லிஃப்ட்டை விட்டு இறங்கினால் பளபள டைல்ஸ், எல்லாக் கதவும் ஒரே அச்சு. ஆனால், நண்பர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் நூறு வருஷம் பின்னால் போய்விட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது!

நுழைந்ததும் ஒரு கல் உரல். அதில் தண்ணீர் நிரப்பி அரளிப் பூவை மிதக்க விட்டிருந்தார்கள். ஓரத்தில் பித்தளை உருளி. ஹாலில் சங்கிலி ஊஞ்சல். சுவரில் மரக்கம்பி போட்ட ஒரு பழைய ஜன்னல். திறந்தால் காற்று வராது, பின்னால் சுவர்தான். அதில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தார். எல்லாவற்றையும்விட நடுநாயகமாக இருந்தது டைனிங் டேபிள். ஒரு பழைய வீட்டின் வாசல் கதவைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு, அதே கதவின் நிலையை அறுத்து நாலு கால் வைத்திருந்தார்கள்.

"பாலிஷ் போடவே கூடாதுன்னு ஆசாரிகிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன் சார். அந்த விரிசல், அந்த எண்ணெய்க் கறை... அதுதான் அழகே! அசல் செட்டிநாட்டுச் சரக்கு" என்றார் நண்பர்.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. இலையில் பாயசம் விழும் வரை நான் அந்த மேஜையைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். மேஜைக் கால் ஒன்றில், உளியால் கீறிய ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் 'உ' மாதிரி ஒன்று, 'ச' மாதிரி ஒன்று.

"இது என்ன சார்?"

"பிள்ளையார் சுழி போட்டிருப்பான். அந்தக் காலத்து ஆளுங்க இல்லையா!"

நான் மேற்கொண்டு பேசவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பழைய சாமான் மோகம் எனக்கு எப்போதுமே ஒரு ஆச்சரியம். காரணம், நான் படித்தது பி.காம். எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்குப்படி மரச்சாமான் என்பது வருஷா வருஷம் தேய்கிற சமாசாரம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு நாற்காலி வாங்கினால், ஆண்டுக்குப் பத்து சதவிகிதம் தேய்மானம் கழிக்க வேண்டும். பத்து வருஷத்தில் ஏட்டில் அதன் மதிப்பு 3,487 ரூபாய். நூறு வருஷம் கழித்து? சும்மா ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 27 பைசா!

ஆனால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் போய் அந்த 27 பைசா நாற்காலியைக் கேட்டுப் பாருங்கள். விலையைக் கேட்டால் உட்காரத் தோன்றும், அந்த நாற்காலியிலேயே! ஏட்டில் தேய்ந்துகொண்டே போவது, சந்தையில் ஏறிக்கொண்டே போகிறது.

இது ஏதோ நம் காலத்து ஃபேஷன், பெங்களூர்க்காரர்களும் ஹோட்டல்காரர்களும் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறீர்களா? திருச்சிக்கு இது முந்நூற்றைம்பது வருஷத்துப் பழக்கம். இங்கே இதைப் பிரமாண்டமாகச் செய்து காட்டியவர் ஒரு ராஜா. அவர் கதவு, ஜன்னல் என்று சில்லறையாக வாங்கவில்லை. ஒரு அரண்மனையையே பிரித்து எடுத்து வந்தார்!

கதை, அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது.

தாத்தா பெயர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் பட்டத்துக்கு வந்தபோது தலைநகர் திருச்சிதான். அதை மதுரைக்கு மாற்றினார். மாற்றிய கையோடு 1636 வாக்கில் கட்டியதுதான், நாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வாயைப் பிளந்து பார்த்த அந்த மகால். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற தூண்கள். வழவழவென்று சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையில் கால்வாசிதான் என்பார்கள். மீதி எங்கே போனது?

ஒரு பங்கு திருச்சிக்கு வந்தது!

திருமலை நாயக்கர் 1659-ல் இறந்தார். அடுத்து வந்த அவர் மகன் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. அதே வருஷம் பட்டத்துக்கு வந்தார் பேரன் சொக்கநாத நாயக்கர். சின்ன வயது. ஒருபக்கம் தஞ்சாவூர், இன்னொரு பக்கம் மைசூர் என்று எல்லாத் திசையிலும் தகராறு. மதுரையில் உட்கார்ந்து இதையெல்லாம் சமாளிப்பதைவிட, மலைக்கோட்டையும் காவிரியும் காவல் இருக்கிற திருச்சி தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1660-களில் தலைநகரம் மறுபடி திருச்சிக்கே வந்தது.

தலைநகர் வந்தால் அரண்மனை வேண்டுமே? புதிதாகக் கட்ட வேண்டும். புதிதாகக் கட்ட நல்ல மரம் வேண்டும், சிற்பி வேண்டும், வருஷக்கணக்கில் காலம் வேண்டும். சொக்கநாதர் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தார். தாத்தா கட்டியதுதான் மதுரையில் ராஜா இல்லாமல் சும்மா கிடக்கிறதே! அதில் நல்ல வேலைப்பாடுள்ளவற்றைப் பெயர்த்து எடுத்து வந்து, மலைக்கோட்டை அடிவாரத்தில் தன் அரண்மனையைக் கட்டிக்கொண்டார்.

மதுரையிலிருந்து திருச்சி சுமார் 130 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். ஆக, ஆறேழு நாள் பயணம். நத்தம், துவரங்குறிச்சிப் பக்கமோ, திண்டுக்கல் வழியாகவோ, மரச்சிற்பங்களையும் அலங்காரங்களையும் சுமந்துகொண்டு வரிசையாக வண்டிகள் போவதைக் கற்பனை செய்து பாருங்கள். வழியில் வயல் வேலையில் இருந்த ஒரு விவசாயி நிமிர்ந்து பார்த்து, "மதுரையே போகுதுடா!" என்றுகூடச் சொல்லியிருப்பான்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டு வந்தாரே, அந்த அரண்மனை என்ன ஆனது?

இப்போதும் நீங்கள் போய்ப் பார்க்கலாம். மலைக்கோட்டைக்குக் கீழே, ராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் ஒரு தர்பார் மண்டபம் நிற்கிறது. மங்கம்மாள், சொக்கநாதரின் மனைவி. பிற்பாடு பேரனுக்காக ராஜ்ஜியத்தைக் கட்டி ஆண்டவர். கட்டியவர் பெயர் போய், புகழ் பெற்றவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்த மண்டபத்தில்தான் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அரண்மனையின் மற்ற பகுதிகள்? 1736-ல் நாயக்கர் ஆட்சியே முடிந்தது. சந்தா சாகிப், மராட்டியர், ஆற்காடு நவாப், கம்பெனிக்காரர்கள் என்று ஊர் கைமாறியபடியே இருந்தது. அந்தக் குழப்பத்தில் மதுரையிலிருந்து வந்த சாமான்கள் எவை, எங்கே நின்றன என்ற விவரம் கரைந்துவிட்டது. மண்டபத்தில் நின்று நானும் தேடிப் பார்த்தேன். எந்த வேலைப்பாட்டிலும் 'என் சொந்த ஊர் மதுரை' என்று எழுதியிருக்கவில்லை.

அந்தப் பக்கம் மதுரையில்? பாதி பிரித்த மகால் வெயிலிலும் மழையிலும் சிதைந்துகொண்டே வந்தது. இருநூறு வருஷம் கழித்து, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த லார்டு நேப்பியர் பார்த்துப் பதறி, பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் அந்த வேலையில் ஈடுபட்டார். இன்று நமக்கு மிஞ்சியிருப்பதே அந்தப் புண்ணியத்தில்தான்.

பற்று - வரவு படித்தவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் மட்டும் எழுதி ஏட்டை மூட முடியாது. திருச்சியில் ஒரு அலங்காரம் சேர்ந்தால், மதுரையில் ஒரு சுவர் மொட்டையாகும். சொக்கநாதர் ஒரு பக்கம் மட்டும் எழுதினார். கடைசியில் பார்த்தால், மதுரைக்கும் முழுசாக இல்லை, திருச்சிக்கும் முழுசாக இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கட்டடத்தைப் பிரித்தால் தூக்க முடிந்ததைத்தான் எடுத்து வர முடியும். கதவைத் தூக்கலாம், செதுக்கிய மரத்தைத் தூக்கலாம். அந்த வழவழப்பான சாந்துப் பூச்சைத் தூக்க முடியுமா? முற்றத்தில் விழுகிற வெளிச்சத்தை வண்டியில் ஏற்ற முடியுமா? தில்லை நகர் ஃபிளாட்டில் ஜன்னல் இருந்தது, காற்று வரவில்லை. அதேதான்!

நம் ராஜா மட்டும் இப்படி என்று வருத்தப்படாதீர்கள். ரோம் நகரில் 315-ல் எழுப்பிய கான்ஸ்டன்டைன் வளைவில் உள்ள நல்ல சிற்பங்கள் பல, அவருக்கு முந்தைய மன்னர்களான டிரேஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் ஆகியோரின் கட்டடங்களுக்காகச் செய்தவை. இந்த மாதிரிப் பெயர்த்துவைத்த சாமான்களுக்கு வரலாற்று அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்போலியா'. லத்தீன் சொல். அர்த்தம், கொள்ளைப் பொருள்!

திருச்சியே தன்னைக் கொஞ்சம் பிரித்து விற்ற ஊர்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மெயின்கார்டு கேட் இருக்கிறது. தினம் ஆயிரம் பேர் அந்த வாசல் வழியாகப் போகிறார்கள். அது எந்தக் கோட்டையின் வாசல்? சுற்றி மதிலும் அகழியுமாக இருந்த திருச்சிக் கோட்டையின் வாசல். 19-ஆம் நூற்றாண்டில் அகழியைத் தூர்த்து, மதிலை இடித்துச் சாலை போட்டார்கள். வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. சாலைகளின் பெயர் மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு. புலிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 'பூல்வார்ட்' என்ற சொல்லுக்கு ஆதியில் கோட்டைக் கொத்தளம் என்றே பொருள். மதிலை இடித்த இடத்தில் போட்ட சாலைக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர் வந்தது, இங்கேயும் வந்தது. மதில் போய்விட்டது, பெயரில் மட்டும் புலி உறுமுகிறது!

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம்.

பழைய மரம் ஏன் இவ்வளவு அழகு? செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்த தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. அங்கே ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த நகரத்தார், திரும்பி வரும்போது தேக்கையும் கொண்டுவந்தார்கள். அவை காட்டில் நிதானமாக வளர்ந்த மரங்கள். வளையம் நெருக்கம், இழை இறுக்கம், எண்ணெய்ப் பசை அதிகம். கரையான் லேசில் வாய் வைக்காது. அடுத்தது ஆசாரிகளின் கைவேலை. பெரும்பாலும் ஆணியை நம்பாமல், ஒரு துண்டில் நாக்கு செதுக்கி, இன்னொரு துண்டில் குழி வெட்டி இறுக்கினார்கள். அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் சேதமில்லாமல் பிரிக்க முடிகிறது. இன்றைக்கு வாங்கும் அமுக்குப் பலகை அலமாரியை இரண்டு முறை வீடு மாற்றிப் பாருங்கள், மாவாக உதிரும்!

1942-ல் பர்மாவுக்குள் ஜப்பான்காரன் நுழைந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நிலங்களை அந்நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. 1962-ல் நீ வின் ராணுவ ஆட்சி வந்து மிச்சமிருந்த தொழிலையும் முடித்தது. வருமானம் நின்றது, ஆனால் அறுபது அறை வீட்டுக்கு வருஷா வருஷம் ஓடு மாற்ற வேண்டுமே? ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். பிரித்து விற்பதைத் தவிர வேறு வழி தெரியாமல்தான் பல வீடுகள் தூணாகவும் கதவாகவும் லாரி ஏறின.

இங்கே ஸ்ரீரங்கத்தில் பர்மா இல்லை, மற்றதெல்லாம் அதே கதை. கோயில் மதிலுக்குள்ளேயே ஜனங்கள் குடியிருக்கும் ஊர் அது. உத்திர வீதி, சித்திரை வீதிகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடுகள். பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். திண்ணை கார் நிறுத்துமிடமானது, முற்றத்துக்குக் கான்கிரீட் மூடி வந்தது, அப்புறம் வீடே அபார்ட்மென்ட் ஆனது. ஸ்ரீரங்கம் கோயில் புனரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் விருது கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், அந்தக் கோயிலைச் சுற்றி நின்ற வீடுகளுக்கு யார் விருது கொடுப்பது?

என் அத்தை வீடும் அப்படிப் போனதுதான். இடித்தவர் மரத்தையெல்லாம் மொத்தமாக ஒரு விலை பேசி ஏற்றிக்கொண்டு போனார். எங்களில் ஒருவருக்கும் ஒரு துண்டை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. பழசு போய்ப் புதுசு வருகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். நானும்தான் நின்று வேடிக்கை பார்த்தேன். அந்த லாரியை நிறுத்தி, அந்த நிலைப்படியில் ஒரு முழத்தை மட்டும் அறுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அப்போது அதெல்லாம் 27 பைசா!

அப்படியானால் பழைய சாமான் வாங்குவது பாவமா? நிச்சயமாக இல்லை. எப்படியும் இடியப் போகிற வீட்டின் கதவு அடுப்புக்குப் போவதைவிட, உங்கள் ஹாலுக்கு வருவது ஆயிரம் மடங்கு மேல். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று ஒரு இடம் இருக்கிறது. டெபோரா தியாகராஜன் முயற்சியில் 1996-ல் திறந்தது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இடிக்க இருந்த பழைய வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, அங்கே மறுபடி வீடாகவே நிறுத்தியிருக்கிறார்கள். எந்த ஊர், யார் வாழ்ந்த வகை வீடு என்ற விவரத்தோடு. சொக்கநாதர் செய்ததும் இதுவும் வேலை ஒன்றுதான். ஆனால் இங்கே கதவோடு வீட்டின் விலாசமும் கூடவே வந்திருக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், கேட்பவர் அதிகமானால் இடிப்பவரும் அதிகமாவார். 'கதவுக்கே இவ்வளவு தருவாங்களாமே' என்று, நன்றாக நிற்கிற வீட்டின் மீது கண் விழும். இடிந்ததிலிருந்து எடுப்பது ஒன்று, எடுப்பதற்காக இடிப்பது வேறொன்று. முதலாவது மீட்பு. இரண்டாவது... மேலே சொன்ன லத்தீன் வார்த்தை.

ஆகவே, வாங்குங்கள். ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, கடைக்காரரிடம் எந்த ஊர், எந்த மாதிரி வீடு என்று கேளுங்கள். பழசு என்றாலே 'செட்டிநாடு' என்று சொல்லிவிடுவது வியாபாரப் பழக்கம். விடாமல் கேட்டால் நிஜம் வரும். இரண்டு, வந்த பதிலை ஒரு சீட்டில் எழுதி, மேஜைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். உங்கள் பேரனுக்கு உதவும். மூன்று, சட்டத்தை மறக்காதீர்கள். 1972-ம் வருஷத்து தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள் கணக்கில் சேரும். அமெரிக்கா மாப்பிள்ளை ஆசைப்பட்டார் என்று கன்டெய்னரில் ஏற்றினால் வம்புதான். உங்கள் சொந்த வீட்டையே பிரிக்க வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன்னால் அறை அறையாகப் போட்டோ எடுத்து வையுங்கள். நாங்கள் எடுக்கவில்லை.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறையில் ஒரு கல்வெட்டுப் பாட்டு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மீது படையெடுத்துத் தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தினான். சோழனின் காவிரி நாட்டு மாளிகைகளில் பிடுங்காத தூணே இல்லை என்கிற அளவுக்கு நாசம். ஆனால், பதினாறு தூண்களை மட்டும் அவன் தொடவில்லை. பட்டினப்பாலை பாடியதற்காக உருத்திரங்கண்ணனார் என்ற புலவருக்கு ஒரு காலத்தில் பரிசாகக் கிடைத்த மண்டபத்தின் தூண்கள் அவை என்கிறது அந்தக் கல்வெட்டு. கண்ணில் பட்டதையெல்லாம் இடித்த பகைவன் கை, அந்தப் பதினாறு தூணின் முன்னால் மட்டும் நின்றது. ஏன்? அவை யாருடையவை, எதற்காக வந்தவை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்!

சரி, அந்த மேஜைக் கால்.

அத்தை வீட்டு ரேழி நிலையில், இடுப்பு உயரத்தில், உளியால் கீறிய ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் ௨௪. தமிழ் எண். இருபத்து நாலு. 1924-ல் காவிரியும் கொள்ளிடமும் பெருக்கெடுத்தபோது வீட்டுக்குள் தண்ணீர் ஏறி நின்ற உயரம் என்று அத்தையின் மாமனார் அடையாளம் போட்டு வைத்தாராம். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் குழந்தைகளான எங்களை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இது வரைக்கும் வந்தாடா அவ" என்பார் அத்தை.

நண்பர் வீட்டு மேஜைக் கால் அதே நிலைதானா? எனக்குத் தெரியாது. ஆசாரி பிரித்துச் சேர்ப்பதற்காகப் போட்ட வரிசை எண்ணாகவும் இருக்கலாம். அறுத்துக் காலாக்கிய பிறகு, அந்தக் கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று இனி யாராலும் அளக்க முடியாது.

ஆனால், நண்பருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அது பிள்ளையார் சுழி இல்லை என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்.

"கடைக்காரன் நம்பர் இருக்கு சார். எந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு கேட்டுப் பார்க்கட்டுமா?"